சாத்தூர்ச் சேவும் இறுதிநிலைப் பயன்பாடும்

பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்குக் கழித்தல் கணக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமானால் பயிற்சி வேண்டும், சான்றிதழ் வேண்டும், இன்ஸ்பெக்டர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும். கல்லூரியில் பி.ஏ. வகுப்புக்குப் பொருளாதாரம் நடத்த இதில் ஒன்றும் வேண்டாம். எம்.ஏ. தேறிய மறுவாரமே ஒருவர் கோட்டை மாட்டிக்கொண்டு மேடை ஏறிவிடலாம். ஏறியவரை ஓய்வு பெறும்வரை யாரும் இறக்க முடியாது.

இந்த ஏற்பாட்டில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று அறுபதுகளில் மேலே யாருக்கோ தோன்றியது. நான் வேலை பார்த்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு ஒரு திட்டம் வந்தது. சுற்றுவட்டாரக் கல்லூரிகளுக்குப் போய், விரிவுரையாளர்களின் வகுப்பில் உட்கார்ந்து கவனித்து, அவர்கள் இன்னும் நன்றாக நடத்துவதற்கு உதவ வேண்டும். ஒருவரும் போகத் தயாராக இல்லை. கல்லூரிப் பேராசிரியரிடம் போய் உங்களுக்கு நடத்தத் தெரியவில்லை என்று சொல்வதற்கு யாருக்குத் துணிச்சல் வரும்? நான் போகிறேன் என்றேன். சேவை மனப்பான்மை என்று எங்கள் முதல்வர் என்னைப் பாராட்டினார். நல்ல மனிதர். எதையும் நம்புவார்.

எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது ஒரே ஒருவருடைய வகுப்பு. மற்ற வகுப்புகளெல்லாம் அந்த ஒரு வகுப்புக்குப் போகும் வழியில் இருந்தவை.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் விருதுநகர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நான் பி.ஏ. பொருளாதாரம் படித்தேன். கல்லூரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆண்டு மலரில் வருஷம் தவறாமல் என் படத்தைப் போட்டு, 'நம் முன்னாள் மாணவர்' என்று எழுதுகிறார்கள். அது பாட்டுக்கு நடக்கட்டும்.

எங்கள் வீடு சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில் இருந்தது. அம்மாவும் சித்திமார்களும் தீப்பெட்டிக் கம்பெனியில் மரச் சட்டத்தில் தீக்குச்சி அடுக்கினார்கள். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பாடமும் தமிழில் படித்தேன். கல்லூரியில் எல்லாமே இங்கிலீஷ். பொருளாதாரப் பேராசிரியர் பட்டணத்திலிருந்து வந்தவர். உயரமான ஆள், எடுப்பான குரல், சலவை மடிப்புக் கலையாத கோட்டு. அவர் பாடம் நடத்துவார் என்று சொன்னால் பொய்யாகிவிடும். கையில் ஒரு கட்டுத் தாள் வைத்திருப்பார். அதை வாசிப்பார். நாங்கள் எழுத வேண்டும். கமா, ஃபுல் ஸ்டாப், நியூ பாரா எல்லாவற்றையும் அதே குரலில் சொல்லிக்கொண்டே போவார். முதல் மாதத்தில் எனக்குச் சரியாகக் காதில் விழுந்து, தவறில்லாமல் எழுதிக்கொள்ள முடிந்தவை அந்த மூன்றும்தான்.

ஒருநாள் எழுந்து நின்றேன்.

"சார், கொஞ்சம் மெதுவா சார்."

அவ்வளவுதான் கேட்டேன். அவர் தாளை மேஜைமேல் வைத்தார்.

"எந்த ஊருப்பா நீ?"

"விஸ்வநத்தம் சார்."

"வீட்டில என்ன தொழில்?"

"தீப்பெட்டி வேலை சார். அம்மா குச்சி அடுக்குதாக."

"அம்மாகிட்ட மேஸ்திரி வேலை வாங்கும்போது மெதுவாத்தான் வாங்குவாரா?"

வகுப்பு சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேருடைய வீட்டிலும் அதே வேலைதான். அதனால்தான் அவர்கள் இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள்.

"அங்கே ஓடுற கை இங்கே ஏன் ஓடலை? எது பழக்கமோ அதுக்கே போயேன்."

அன்று முதல் என் பெயர் தீப்பெட்டி. கடினமான பகுதி வரும்போதெல்லாம் வாசிப்பதை நிறுத்தி, "என்ன தீப்பெட்டி, பத்திக்கிச்சா?" என்பார். நான் எழுந்து நிற்பேன். "நமுத்துப்போச்சு" என்று வகுப்புக்கு அறிவித்துவிட்டு அடுத்த பத்திக்குப் போவார். இந்த வேடிக்கை எனக்காகவே பாடத்திட்டத்தில் சேர்க்கப்பட்டதுபோல் கடைசி வருஷம் வரை நடந்தது.

கடைசி வருஷம் எனக்கு அம்மை கண்டது. வீட்டு வாசலில் வேப்பிலை கட்டிப் படுத்திருந்துவிட்டு, உடம்பு தேறிக் கல்லூரிக்குத் திரும்பியபோது வருகைப் பதிவு குறைந்திருந்தது. மருத்துவச் சான்றிதழும் துறைத் தலைவரின் பரிந்துரையும் இருந்தால் பரீட்சை எழுத விடுவார்கள். துறைத் தலைவர் அவர்தான். சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இதை நீ திரும்பி வந்த அன்னிக்கே கொடுத்திருக்கணும். மறுநாள் கொண்டுவர்றே."

"அப்படி விதி இருக்கா சார்?"

"யூனிவர்சிட்டி காலண்டரைப் படி. அதுக்காவது இங்கிலீஷ் வருதான்னு பார்ப்போம்."

பரிந்துரை எழுதவில்லை. அந்த வருஷம் நான் பரீட்சை எழுதவில்லை. "அம்மை கண்ட உடம்பு, ஒரு வருசம் கிடக்கட்டும்னு விட்டிருக்கோம்" என்று அம்மா தெருவில் சொல்லிக்கொண்டாள். சிவகாசியில் ஒரு லேபிள் அச்சகத்தில் எடுபிடியாகச் சேர்ந்தேன். பட்டாசு லேபிள்களில் புலியும் கிளியும் மயிலும் காய்ந்துகொண்டிருக்கும் கொடிகளுக்குக் கீழே உட்கார்ந்து, கடன் வாங்கி வந்த காலண்டரை, அதாவது பல்கலைக்கழக விதிப் புத்தகத்தை, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். அவர் சொன்ன விதி அதில் இல்லை. கண் தவறியிருக்கலாம் என்று மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். இல்லவே இல்லை.

மறுவருஷம் பரீட்சை எழுதித் தேறி, வேலைக்குப் போன பிற்பாடு எந்த அலுவலகத்தில் எந்த விதியைப் பற்றிக் கேள்வி வந்தாலும் "அவரைக் கேளுங்க, அவருக்குத் தெரியும்" என்று என்னைக் கைகாட்டுவார்கள். அந்த ஞானம் எனக்கு இப்படி வந்ததுதான்.

பயிற்சிக் கல்லூரிக்கு வந்த திட்டத்துக்கு விதிமுறைகள் இல்லை. யாராவது எழுத வேண்டும் என்றார்கள். எழுதினேன். எந்த ஆசிரியரின் எந்த வகுப்பைப் பார்ப்பது என்பதைப் பார்வையாளரே தீர்மானிப்பார். பார்வையாளர் கடைசி பெஞ்சில் அமர்வார். பிறகு தனியாக ஆசிரியரைச் சந்தித்து யோசனைகளை எழுத்தில் கொடுப்பார். ஆசிரியர் அந்த யோசனைகளைப் பின்பற்றிச் சக ஆசிரியர்கள் முன்னிலையில் ஒரு மாதிரிப் பாடம் நடத்துவார். கடைசியில் பார்வையாளரின் அறிக்கை. அந்த அறிக்கையில் ஆசிரியரின் மறுமொழிக்கும் இடம் உண்டு. ஆசிரியர் தன் வாயால் சொல்ல, பார்வையாளர் அதைத் தன் கையால் எழுதி, கையெழுத்து வாங்க வேண்டும்.

"இந்தக் கடைசி விதி எதுக்கு? அவரே எழுதிக் கொடுத்துட்டுப் போறார்" என்றார் எங்கள் முதல்வர்.

"அவர் சொன்னதை நாம் காதுகொடுத்துக் கேட்டோம் என்பதற்கு அத்தாட்சி வேணும்ல சார்" என்றேன்.

"அதுவும் நியாயந்தான்" என்று கையெழுத்துப் போட்டார்.

நான் படித்த அந்தக் கல்லூரிக்கு நான் போய்ச் சேர்ந்த நேரம் மிகவும் நல்ல நேரம். அங்கே இருந்த முதல்வர் ஓய்வுபெறப் போகிறார். அடுத்த முதல்வர் யார் என்று கல்லூரியை நடத்துகிற கமிட்டி யோசித்துக்கொண்டிருந்தது. கமிட்டியில் பெரும்பாலும் விருதுநகர் வியாபாரிகள். வத்தல் மண்டி, எண்ணெய்ச் செக்கு, தீப்பெட்டிக் கம்பெனி. பணி மூப்பில் முதலில் நின்றவர் பொருளாதாரப் பேராசிரியர். விடுதிக்கு வார்டனும் அவரே. நாற்காலி அவருக்குத்தான் என்று பியூன்களே பேசிக்கொண்டார்கள். அவரும் புதுக் கோட்டுக்கு அளவு கொடுத்துவிட்டதாகக் கேள்வி. ஓய்வுபெறப்போகும் முதல்வர் என்னிடம் சொன்னார்: "உங்க மாதிரிப் பாடத்துக்குக் கமிட்டியையும் கூப்பிட்டிருக்கேன். வெளியாள் ஒருத்தர் நல்லபடியா ஒரு வார்த்தை எழுதிட்டா அவங்களுக்கும் முடிவெடுக்கச் சௌகரியம்."

"நிச்சயமாய் எழுதுவேன்" என்றேன்.

பேராசிரியர் என்னை வாசலுக்கே வந்து வரவேற்றார். தலை நரைத்திருந்தது. குரல் அப்படியே இருந்தது.

"வாங்க வாங்க. சாருக்கு எந்தப் பக்கம்?"

"சிவகாசிப் பக்கம்."

"ஓ, பட்டாசு!" என்றார் சிரித்துக்கொண்டே.

தீப்பெட்டியிலிருந்து பட்டாசுக்கு வந்திருக்கிறேன், பதவி உயர்வுதான் என்று நினைத்துக்கொண்டேன். என்னை அவருக்குத் தெரியவில்லை. அடித்தவனுக்கு முகம் எதற்கு ஞாபகம் இருக்க வேண்டும்?

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அதே தாள்கட்டு. ஓரமெல்லாம் பழுத்து, நடுவில் ஒட்டுத்தாள் போட்டு, வயதான நோயாளியைத் தூக்கி வருவதுபோல் ஏந்தி வந்தார். வாசிக்க ஆரம்பித்தார். கமா. ஃபுல் ஸ்டாப். என் பக்கத்தில் இருந்த மாணவன் தீவிரமாக எழுதிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். சாத்தூர் பஸ் ஒன்றை வரைந்துகொண்டிருந்தான். படிக்கட்டில் தொங்குகிற ஆளின் வேட்டி மடிப்புவரை வந்திருந்தது.

"எழுதலையா தம்பி?" என்றேன் மெதுவாக.

"எங்க அண்ணன் எழுதின நோட்டு இருக்கு சார். கமா கூட மாறாது." பிறகு என் பக்கம் சாய்ந்து, "இப்ப ஆப்பிள் வரும் பாருங்க" என்றான்.

வந்தது. பசித்த மனிதன் ஒருவனுக்கு ஓர் ஆப்பிள் கொடுக்கிறோம். மிகுந்த திருப்தி அடைகிறான். இன்னொன்று கொடுக்கிறோம். திருப்தி சற்றுக் குறைகிறது. மூன்றாவதில் இன்னும் குறைகிறது. ஒரு கட்டத்தில் போதும் என்கிறான். ஒரு பொருள் சேரச் சேர, கடைசியாகச் சேர்ந்ததன் பயன் குறைந்துகொண்டே போகும். அதுதான் குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி. என் காலத்தில் அந்த மனிதன் தின்ற அதே ஆப்பிளை இன்னும் தின்று முடிக்கவில்லை.

"இப்ப சிரிக்கணும் சார்" என்றான் பஸ் வரைகிறவன்.

அவன் சொல்லி முடிப்பதற்குள் வகுப்பு முழுவதும் சிரித்துவிட்டது. பேராசிரியர் அதற்குப் பிறகுதான் அந்த நகைச்சுவையைச் சொன்னார். ஏவாள் ஒன்றோடு நிறுத்தியிருந்தால் என்று ஏதோ வரும். முன்கூட்டியே சிரித்துவிட்டார்கள் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. சிரிப்பு வந்ததா, வந்தது. எந்தப் பக்கத்திலிருந்து வந்தால் என்ன?

அன்று மாலை அவருடைய அறையில் தனியாகச் சந்தித்தேன். டீயும் பிஸ்கட்டும் வரவழைத்தார். கதவைத் தானே சாத்தினார்.

"ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லுங்க. கமிட்டிக்காரங்க என்ன எதிர்பார்ப்பாங்க?"

"மாணவர்கள் பாடத்தில் பங்கெடுக்கணும்னு நினைப்பாங்க சார்."

"பங்கெடுக்கறதுன்னா?"

"நீங்க வாசிக்கிறதை அவங்க எழுதுறதைத் தவிர மத்ததெல்லாம்."

சிரித்தார். தமாஷ் என்று நினைத்துக்கொண்டார். நான் யோசனைகளை வரிசையாகச் சொன்னேன். தாளைக் கையில் எடுக்க வேண்டாம். இடையிடையே தமிழில் விளக்குங்கள். ஆப்பிளை விட்டுவிடுங்கள். இந்தப் பக்கம் ஆப்பிள் என்பது ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்கப் போகும்போது வாங்குவது. ஆப்பிள் என்றதும் பையன்களுக்குப் பசி ஞாபகம் வராது, யாருக்கு என்ன செய்கிறது என்றுதான் கேட்கத் தோன்றும். இந்த ஊர்க்காரன் ஆசைப்பட்டுத் தின்கிற பண்டத்தைச் சொல்லுங்கள்.

"எது, சாத்தூர்ச் சேவா?"

"அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தோணலை சார். சும்மா வாயால் சொல்லாம ஒரு பையனைக் கூப்பிட்டு, தட்டில் போட்டுக் கொடுத்து, ஒவ்வொரு தட்டுக்கும் அவனையே கேளுங்க. அவன் வாயிலிருந்தே விதி வரட்டும்."

அவர் கண் விரிந்தது. "பிரமாதம்! கமிட்டிக்காரங்களுக்குக் கூடப் புரியும்!"

"ஒன்று மட்டும் கவனிக்கணும். கூப்பிடுற பையன் மனசில் பட்டதைப் பயமில்லாமப் பேசுறவனா இருக்கணும். எதிர்த்துப் பேசுற பையனா இருந்தாலும் பரவாயில்லை."

"அதெல்லாம் எதுக்குங்க? கமிட்டி முன்னால வம்பு. ரொம்ப ஒழுக்கமான பையன் ஒருத்தன் இருக்கான், அச்சங்குளத்துக்காரன், விடுதியிலதான் இருக்கான். நின்னு நிமிர்ந்து பார்க்க மாட்டான்."

"உங்க விருப்பம் சார். என் யோசனையை எழுதிக் கொடுத்துடுறேன்" என்று, அதையும் கடைசி வரியாகச் சேர்த்து எழுதி, ஒரு பிரதியை அவரிடம் கொடுத்தேன். ஒவ்வொரு வார்த்தையும் நல்ல யோசனை. இன்றைக்கும் எந்தக் கற்பித்தல் நிபுணரிடமும் காட்டலாம்.

சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. எங்கள் பக்கத்தில் பெரியவர் ஒருவர் தன் கையால் எடுத்துக் கொடுத்ததைத் தின்றுவிட்டு, முதலில் கொடுத்தது நன்றாக இருந்தது, இரண்டாவது கொடுத்தது அவ்வளவு இல்லை என்று எவனும் சொல்லமாட்டான். கல்யாண வீட்டில் பாயச வாளியோடு வருகிறவர் "எப்படி இருக்கு?" என்று கேட்டால், வயிறு வெடிக்கப்போகிறவன்கூட "நல்லா இருக்கு"தான் சொல்வான். அதுவும் வாத்தியார் கொடுத்தால், நாலு பெரிய மனிதர்கள் பார்க்கக் கொடுத்தால், சொல்லவே வேண்டியதில்லை. இந்த மண்ணில் இத்தனை வருஷம் சம்பளம் வாங்கினவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். கேட்காத விஷயத்தில் பார்வையாளர் ஆலோசனை சொல்லக் கூடாது என்று விதிமுறையில் இருக்கிறது. நானே எழுதியது.

மாதிரிப் பாடத்தன்று கல்லூரியின் பெரிய அறையில் முன்வரிசை பெஞ்சுகளில் கமிட்டி. நடுவில் கமிட்டித் தலைவர், விருதுநகரில் பெரிய வத்தல் மண்டி வைத்திருந்த முதலாளி. மேல்துண்டில் எப்போதும் மிளகாய் நெடி லேசாக இருக்கும். பக்கத்தில் உட்காருகிறவர்கள் தும்மலை அடக்கிக்கொண்டு மரியாதையாக இருப்பார்கள். அடுத்த வரிசைகளில் விரிவுரையாளர்கள். பிறகு மாணவர்கள். எல்லோருக்கும் பின்னால், விதிப்படி, நான்.

பேராசிரியர் வெறுங்கையோடு மேடை ஏறினார். பழைய தாள் இல்லாமல் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் கோட்டுப் பையில் விட்டார், எடுத்தார். பியூன் காலையிலேயே பஸ்ஸில் போய்ச் சாத்தூரிலிருந்து வாங்கி வந்த சேவுப் பொட்டலம் மேஜையில் இருந்தது. எண்ணெய் ஊறிய காகிதத்தின் மணம் அறை முழுக்க நின்றது. அச்சங்குளத்துப் பையனைக் கூப்பிட்டார். ஒல்லியான பையன். சட்டைக் காலர் பொத்தானையும் போட்டிருந்தான்.

"இந்தப் பையன் பசியோடு இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம்" என்று ஆரம்பித்தார்.

"ஆமா சார்" என்றான் பையன்.

அறை சிரித்தது. பேராசிரியரும் சிரித்தார். அவருடைய வாழ்க்கையில் வகுப்பு சரியான நேரத்தில் சிரித்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். உற்சாகமாகத் தட்டு நிறையச் சேவு அள்ளிப் போட்டார். பையன் சபைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தின்றான்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு சார்."

"மிகுந்த திருப்தி!" என்று கரும்பலகையில் உயரமாக ஒரு கோடு போட்டார். இரண்டாவது தட்டு கொடுத்தார். பையன் அதையும் தின்றான்.

"இப்போ?"

"நல்லா இருக்கு சார்."

"முதல் தட்டைவிடக் கொஞ்சம் குறைவுதானே?"

"இல்ல சார். முதல்லதை விட நல்லா இருக்கு."

பேராசிரியர் சாக்பீஸைப் பிடித்தபடி நின்றார். குட்டையாகப் போடவிருந்த கோடு அந்தரத்தில் நின்றது.

"பயப்படாம சொல்லுப்பா. திருப்தி குறையுதா இல்லையா?"

"நீங்க உங்க கையால குடுக்கீக. அது எப்படி சார் குறையும்?"

எனக்கு முன்னால் இருந்த இளம் விரிவுரையாளர் ஒருவர் கர்ச்சீப்பை வாயில் அடைத்துக்கொண்டார். மூன்றாவது தட்டு போனது. பேராசிரியரின் நெற்றியில் வேர்வை. தட்டை நிறைப்பதில் இருந்த தாராளம் குறைந்து, இப்போது பொட்டலத்தைக் கவிழ்க்கிற வேகம் வந்துவிட்டது. சீக்கிரம் நிறைத்துவிட்டால் விதி வந்துவிடும் என்ற நம்பிக்கை. பையன் ஒரு துணுக்கு விடாமல் தின்று, தட்டில் ஒட்டிய மிளகையும் விரலால் எடுத்து வாயில் போட்டான்.

"போதும்னு தோணலையா உனக்கு?" குரல் ஏறிவிட்டது.

"நீங்க போதும்னா போதும் சார்."

அப்போது முன்வரிசையில் கமிட்டித் தலைவர் கையைத் தூக்கினார். அறை அடங்கியது.

"ஏலே தம்பி, இங்கன வா."

பையன் தட்டோடு இறங்கிப் போய் நின்றான்.

"காலையில சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் ஐயா. விடுதியில."

"என்ன போட்டாக?"

"கோதும உப்புமா ஐயா."

"எம்புட்டு?"

"ஒரு கரண்டி ஐயா."

"கூட ஒரு கரண்டி கேக்கதுக்கென்ன? வாய் இல்லையா?"

பையன் தலையைக் குனிந்துகொண்டான். "மறுவாட்டி கேக்கக் கூடாதுன்னு வார்டன் சார் சொல்லியிருக்காக."

வார்டன் யார் என்று அந்த அறையில் தெரியாதவர்கள் இல்லை. எல்லோர் கண்ணும் மேடைக்குப் போனது. தான் ஏதோ செய்துவிட்டோம் என்பது பையனுக்குப் புரிந்தது. வாத்தியாரைக் காப்பாற்றியாக வேண்டும் என்று அவசரமாகச் சேர்த்துச் சொன்னான்:

"ஆனா ஐயா, இன்னிக்கு சார் நாங் கேக்காமலே மூணு வாட்டி குடுத்தாக!"

இதைவிட நேர்த்தியாக என்னால் திட்டமிட்டிருக்க முடியாது. விடுதியின் ஒரு கரண்டி விதி எனக்கு அதுவரை தெரியவே தெரியாது. நான் போட்டது ஒரு சின்னக் குழி. அவர் அதற்குப் பக்கத்திலேயே தனக்கென்று ஒரு கிணறு வெட்டி வைத்திருந்தார்.

"அது ஒழுங்குக்காக ஏற்படுத்தின விதி ஐயா" என்றார் பேராசிரியர் மேடையிலிருந்து. "அரிசித் தட்டுப்பாடு. எல்லாருக்கும் சமமா..."

"தட்டுப்பாடுதான். யாரு இல்லைங்கா? இருக்கதப் பங்கு வைங்க. கஞ்சியாக் காச்சி ஊத்துங்க. எலை முன்னால உக்காந்த பிள்ளைகிட்ட, மறுவாட்டி வாய் தெறக்காதலேன்னா சொல்லுவாக?" பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டார். பக்கத்தில் ஒருவர் தும்மினார். "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா மண்டியிலருந்து சோளம் அனுப்பியிருப்பனே. ஊர்ல நாலு பேரு கேட்டா நாங்க மூஞ்சிய எங்கன கொண்டுபோயி வைக்க?"

எழுந்தார். கமிட்டி முழுவதும் எழுந்தது. வாசல்வரை போனவர் திரும்பிப் பார்த்து, "மிச்சச் சேவ அந்தப் பய கையில குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இத்தனை வருஷமாக அவர் ஒரு பழைய தாள்கட்டை வாசித்தே காலத்தை ஓட்டினார். வருஷா வருஷம் பையன்கள் தோற்றார்கள். அதற்காகக் கமிட்டி அவரை ஒரு கேள்வி கேட்டதில்லை. கல்வி என்றால் அப்படித்தான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். மறு கரண்டியை அவர்கள் மன்னிக்கவில்லை. வார்டன் வேலை அந்த வாரமே வேறொருவருக்குப் போனது. முதல்வர் நாற்காலிக்கு வெளியூரிலிருந்து ஓர் ஆளைக் கொண்டுவந்தார்கள். அளவு கொடுத்த கோட்டு என்ன ஆயிற்றென்று நான் விசாரிக்கவில்லை. என் அறிக்கையை யாரும் படிக்கவே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அறிக்கை எழுதப்பட வேண்டும் அல்லவா? அதற்காக அன்று மாலை அவருடைய அறைக்குப் போனேன்.

இந்தத் தடவை டீ வரவில்லை.

"எல்லாம் உங்க யோசனைதான்!" என்றார் என்னைக் கண்டதும். "சேவு உங்க யோசனை!"

"சேவுன்னு சொன்னது நீங்க சார். நல்ல உதாரணம்னு சொன்னது நான். பயமில்லாமப் பேசுற பையனாக் கூப்பிடச் சொல்லி எழுதியிருக்கேன். பிரதி உங்ககிட்ட இருக்கு, கடைசி வரி."

அவர் தேடவில்லை. தெரிந்திருந்தது.

"ஆசிரியரின் மறுமொழி என்று ஒரு பகுதி இருக்கு சார்" என்றேன் பணிவாக. "நீங்க சொல்லச் சொல்ல நான் எழுதணும். அப்படித்தான் விதி."

"எழுதுங்க!" என்றார். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து, கோட்டின் முன்பக்கத்தை இழுத்துவிட்டுக்கொண்டு, ஜன்னலுக்கும் மேஜைக்கும் இடையில் நடக்க ஆரம்பித்தார். எனக்கு அந்த நடை தெரியும். இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தார். கோபத்தில் பழைய வேகம் முழுவதும் திரும்பி வந்துவிட்டது. தன் நெடிய அனுபவம், கமா, கற்பித்தலில் தனக்குள்ள ஈடுபாடு, கமா, இன்று நேர்ந்த விபத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஃபுல் ஸ்டாப், நியூ பாரா. நான் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தேன். இந்த இடைப்பட்ட காலத்தில் என் கை நன்றாகவே ஓடப் பழகியிருந்தது. ஒரு வார்த்தையையும் தவறவிடவில்லை. அடுத்த வாக்கியத்தையும் சுலபமாகப் பிடித்திருப்பேன்.

பேனாவை மேஜைமேல் வைத்தேன். எழுந்து நின்றேன். கைகளைக் கட்டிக்கொண்டேன்.

"சார், கொஞ்சம் மெதுவா சார்."

அவர் நடை நின்றது. கையில் இல்லாத தாளைத் தேடுவதுபோல் விரல்கள் அசைந்தன. என் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கண், நெற்றி, கன்னத்தில் அம்மை விட்டுப்போன தழும்புகள் என்று அவர் பார்வை ஒவ்வொரு இடமாக நின்று போனதை நான் உணர்ந்தேன். அவசரமில்லாமல் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"விஸ்வநத்தம்" என்றார் கடைசியில். குரல் ஜன்னலுக்கு வெளியே கேட்டிருக்காது.

"ஆமா சார்."

அடுத்து வரவேண்டிய வார்த்தை அவர் உதடுவரை வந்தது. மேஜைமேல் கிடந்த அறிக்கையைப் பார்த்தார். அந்த வார்த்தையை விழுங்கினார். அது தொண்டையில் இறங்குவதை நான் பார்த்தேன்.

உட்கார்ந்து பேனாவை எடுத்தேன். "நியூ பாரா வரைக்கும் வந்திருக்கோம் சார்."

அவரும் உட்கார்ந்தார். ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். சொல்லிவிட்டு நான் எழுதி முடிக்கும்வரை காத்திருந்தார். நடுவில் சில வார்த்தைகள் எனக்குக் காதில் விழவில்லை என்றேன். திரும்பச் சொன்னார். சில வார்த்தைகளுக்கு எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னேன். சொன்னார். வெளியே சிவகாசிக்குப் போகிற கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. எனக்கு அவசரம் எதுவும் இல்லை.